உருவமில்லாத பேயும் வெறுங்கை அடியும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில டேபிளைச் சுத்தி இருந்து டைஸ் உருட்டி விளையாடுற ரோல்பிளேயிங் கேம்ஸ் பற்றி எழுதினதுக்குப் பிறகு வந்த கடிதங்கள்ல கனக்கப்பேர் கேட்டிருக்கிறது ஒரே விசயம்தான்: கையில ஆயுதமில்லாம சண்டை பிடிக்கிற கரக்டர், உடம்பே இல்லாத பேயை எப்பிடி அடிக்கிறது? அதனால இந்த முறை முழுப் பக்கத்தையும் இதுக்கே ஒதுக்கிட்டன். எழுதுற எல்லாரிட்டயும் ஒரு வேண்டுகோள், நீங்கள் எந்த கேம், எந்தப் பதிப்பு விளையாடுறீங்க எண்டதைக் கட்டாயம் எழுதுங்க, ஏனெண்டால் இந்த விசயத்தில பதிப்புக்குப் பதிப்பு விடையே தலைகீழா மாறுது.

கேள்வி: அண்ணா, நாங்கள் சனிக்கிழமையில கூட்டாளி ஒருத்தன்ட வீட்டு மொட்டை மாடியில டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் கேமின்ட 3.5 பதிப்பு விளையாடுறம். என்ட கரக்டர் லெவல் 3 மங்க் (கையாலயே சண்டை பிடிக்கிற துறவி), ஆயுதம் ஒண்டும் தூக்கிறதில்ல, வெறும் கைதான். போன கிழமை பாழடைஞ்ச கிணத்துக்குள்ள இருந்து ஷடோ எண்ட உருவமில்லாத நிழல் பேய் ஒண்டு வந்தது. நான் இருபது பக்க டைஸில 19 உருட்டினன், அப்பிடியிருந்தும் டீஎம் (கதையை நடத்துற ஆள்) "உன்ட கை ஊடால போகுது, டேமேஜ் இல்ல" எண்டு சொல்லிட்டார். எங்கட ஃபைட்டர் செத்து, பிறகு அவனே இன்னொரு ஷடோவா எழும்பி எங்களை அடிக்க வந்திட்டான். டீஎம் செய்தது சரியா? எனக்கு அந்தக் கரக்டர் ஷீட்டையே கிழிச்சுப்போடோணும் போல இருக்கு.
– கெம்பஸ் மாணவர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, கிழிக்காதீங்க. உங்கட டீஎம் ரூலைச் சரியாத்தான் வாசிச்சிருக்கிறார், ஆனா அந்த ரூலோட மிச்சப் பாதியையும் உங்களுக்குச் சொல்லியிருந்தால் அண்டைக்கு இரவு நீங்கள் அவ்வளவு கவலைப்பட்டு வீட்டுக்குப் போயிருக்க மாட்டீங்க, அதை நான் இப்ப சொல்லுறன்.

3.5ல உருவமில்லாத ஜீவன் எண்டால் சாதாரண அடி ஒண்டும் அதில ஏறாது. மெஜிக் ஆயுதம், ஸ்பெல் (மந்திரம்), இல்லாட்டி "மெஜிக் ஆயுதம் மாதிரி" எண்டு ரூல் ஏத்துக்கொள்ளுற அடி, இதுகள்தான் ஏறும். அப்பிடி ஏறினாலும் ஒவ்வொரு அடிக்கும் 50 வீதம் சும்மா போறதுக்கு வாய்ப்பிருக்கு. மெஜிக் மிசைல் மாதிரி ஃபோர்ஸ் (மெஜிக் விசை) விசயங்களுக்கும், கோஸ்ட் டச் (பேயைத் தொடக்கூடிய) ஆயுதத்துக்கும், பொசிட்டிவ், நெகட்டிவ் எனர்ஜிக்கும் மட்டும் அந்த 50 வீதக் கதை இல்ல. மங்க்குக்கு கீ ஸ்ட்ரைக் எண்ட திறமை கிடைக்கிறது லெவல் 4ல, அதுக்குப் பிறகுதான் உங்கட கை தானாவே மெஜிக் ஆயுதமாக் கணக்கெடுபடும். நீங்கள் நிண்டது லெவல் 3ல. ஒரே ஒரு லெவல் தம்பி!

ஆனா லெவல் 3லயே வழி இருந்தது. மெஜிக் வெப்பன் எண்ட முதலாம் லெவல் ஸ்பெல்லை எடுத்து வாசிச்சுப் பாருங்க, அதில வெறுங்கைக்கு இதைப் போட ஏலாது எண்டு எழுதிப்போட்டு அடுத்த வரியிலயே மங்க்கின்ட கை ஆயுதமாக் கணக்கு, அதுக்குப் போடலாம் எண்டு தெளிவா எழுதியிருக்கு. உங்கட விசார்ட்டோ (மந்திரவாதி) க்ளெரிக்கோ (பூசாரி) அந்த ஸ்பெல்லை உங்கட கையில போட்டிருந்தால் அந்த 19க்குப் பாதிக்குப் பாதியாவது வாய்ப்பு இருந்திருக்கும். ட்ரூயிட் (காட்டு மந்திரவாதி) இருந்தால் மெஜிக் ஃபாங் அதே வேலையைச் செய்யும், அது மிருகத்தின்ட பல்லு நகத்துக்கு மட்டுமில்ல, ஆக்களின்ட கைக்கும் பிடிக்கும். ஸ்பெல் போடுற ஆள் ஒருத்தருமே இல்லையெண்டாலும் மெஜிக் ஃபாங் போஷன் 50 தங்கக் காசு. குடிச்சால் ஒரு நிமிசம், அதாவது பத்து ரவுண்ட், உங்கட கை மெஜிக். ஷடோவோட நடக்கிற சண்டை பத்து ரவுண்டுக்கு மேல போறது குறைவு. லெவல் 3 ஆளிட்ட இருக்கோணும் எண்டு ரூல் புக் கணக்குப் போடுற சொத்து 2,700 தங்கம். கை அடிக்கு +1 கூட்டுற மைட்டி ஃபிஸ்ட்ஸ் தாயத்து 6,000, அது உங்களுக்கு இப்போதைக்கு எட்டாது. 50 எட்டும். ரெண்டு போஷன் வாங்கி இடுப்பில செருகிக்கொள்ளுங்க, இது நான் எல்லா மங்க் விளையாடுற பிள்ளையளுக்கும் சொல்லுறது.

இன்னொரு விசயம், இதை யாரும் பெருசா எடுத்துச் சொல்லுறதில்ல, எனக்கு அது உண்மையாவே வருத்தம். ஷடோ அடிக்கிறது கவசத்துக்கு ஊடால. இரும்புச் சட்டை, கேடயம் எல்லாம் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. முழுக் கவசம் போட்ட ஃபைட்டரை எடுத்தால் சாதாரண ஏசி (அடி படுறதுக்கு எதிரி எட்ட வேண்டிய இலக்கம்) 19, 20 எண்டு நிக்கும், ஷடோவுக்கு முன்னால அது 11 ஆகிடும். ஷடோவுக்கு அடிக்க +3 இருக்கு, அப்ப டி20ல (இருபது பக்க டைஸ்) 8 விழுந்தாலே காணும், நூத்துக்கு 65 வாய்ப்பு. இப்ப உங்கட மங்க்கைப் பாருங்க. டெக்ஸ் (சுறுசுறுப்பு) 16, விஸ்டம் (ஞானம்) 16 எண்டு வச்சால் ரெண்டின்ட போனஸும் சேர்ந்து டச் ஏசி (தொடுற அடிக்கான ஏசி) 16, ஏனெண்டால் மங்க்கின்ட விஸ்டம் போனஸ் தொடுற அடிக்கும் செல்லும். ஷடோவுக்கு 13 விழோணும், 40 வீதம். விசார்ட் உங்களுக்கு மேஜ் ஆர்மர் (மந்திரக் கவசம்) போட்டால் அது ஃபோர்ஸ், பேய்க்கு ஊடால வர ஏலாது, ஏசி 20, ஷடோவுக்கு 17 விழோணும், 20 வீதம்தான். 65 எங்க, 20 எங்க! ஷடோவின்ட ஒவ்வொரு தொடுகையும் 1டி6 (ஆறு பக்க டைஸ் ஒண்டு உருட்டி வாற இலக்கம்) அளவுக்கு ஸ்ட்ரெங்த்தை, அதாவது உடல் பலத்தைப் பிடுங்கும், பூச்சியத்துக்கு வந்தால் சாவு, செத்தவர் 1டி4 ரவுண்டுக்குள்ள ஷடோவா எழும்புவார். உங்கட ஃபைட்டருக்கு நடந்தது அதுதான். அந்தக் கிணத்தடியில முன்னுக்கு நிண்டிருக்க வேண்டிய ஆள் அவர் இல்ல, நீங்கள். அடி ஏறாட்டியும் நீங்கள் முன்னுக்கு நிண்டு எய்ட் அனதர் (கூட்டாளிக்குக் கைகுடுக்கிறது) செய்து மெஜிக் வாள் வச்சிருக்கிற ஆளுக்கு +2 குடுத்திருக்கலாம், புனித நீர் போத்தலைத் திறந்து பக்கத்தில நிண்டு ஊத்தியிருக்கலாம். புனித நீரை மற்ற அன்டெட்டுக்கு (செத்தும் நடமாடுறதுகளுக்கு) எறியிற மாதிரி இதுக்கு எறிஞ்சால் சரிவராது, ஊத்தத்தான் வேணும், ஒரு போத்தல் 25 தங்கம், 2டி4 டேமேஜ்.

லெவல் 4க்கு வந்தாப் பிறகு ஒரு கணக்கு போட்டு வச்சிருங்க. உங்கட கை 1டி8, ஸ்ட்ரெங்த்துக்கு +2 எண்டால் சராசரி 6.5. ஷடோவுக்கு 19 எச்.பி. (உயிர்ப் புள்ளி). உடம்புள்ள ஆளாயிருந்தால் மூண்டு அடியில முடியும், ஷடோ எண்டபடியா பாதி அடி சும்மா போகும், ஆறு அடி மட்டில வேணும். அது சுவருக்குள்ள ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்து தொட்டிட்டு ஓடினால் துரத்தாதீங்க. சுவருக்குள்ள இருக்கேக்க அதுக்கு முழு மறைப்பு, ஆனா கையை வெளியில நீட்டி உங்களைத் தொடேக்க மறைப்பு குறைஞ்சிடும், அந்த நேரத்துக்கு எண்டு ஆக்ஷனை ரெடி பண்ணி வச்சு, அது கை நீட்டினவுடன அடியுங்க. மங்க் விளையாடுறதில எனக்குப் பிடிச்ச இடமே அதுதான், ஆடாம அசையாம நிண்டு, வாற கைக்காகக் காத்திருக்கிறது.

டீஎம்முக்கும் ஒரு வார்த்தை, இதை அவரிட்டக் காட்டுங்க. ஷடோ சேலஞ்ச் (எதிரியின்ட கஷ்ட அளவு) 3 எண்டு புத்தகம் சொல்லுறது உண்மை. ஆனா அது பார்ட்டியிட்ட, அதாவது விளையாடுற குழுவிட்ட, மெஜிக் ஆயுதமோ ஸ்பெல்லோ இருக்கு எண்ட நம்பிக்கையில போட்ட இலக்கம். இல்லாத பார்ட்டிக்கு முன்னால அதை விடுறதெண்டால், அதே கிணத்தடியில ஒரு போத்தல் புனித நீரையோ பழைய போஷன் ஒண்டையோ வச்சிட்டு விடோணும். அது பிள்ளையளுக்கு இரங்கிறதில்ல, அது டீஎம்மின்ட கடமை எண்டு நான் நினைக்கிறன்.

கேள்வி: பாத்ஃபைண்டர் கேமின்ட முதலாம் பதிப்பு விளையாடுறன், லெவல் 5 மங்க். கையில 4,000 தங்கம் சேர்ந்திருக்கு. மைட்டி ஃபிஸ்ட்ஸ் தாயத்து +1 வாங்கிறதா, கோஸ்ட் டச் போட்டது வாங்கிறதா?
– வாசகி, தெஹிவளை

பதில்: தங்கச்சி, உங்கட கதை எங்க நடக்குது எண்டதைப் பொறுத்தது. பாத்ஃபைண்டர்ல அந்தத் தாயத்துக்கு +1 இல்லாமலே நேரா கோஸ்ட் டச்சைப் போடலாம், ரெண்டும் ஒரே விலைதான், அதனாலதான் உங்களுக்கு இந்தக் குழப்பம். இந்தப் பதிப்பில 50 வீதம் சும்மா போற கதை இல்ல, அதுக்குப் பதிலா மெஜிக் அடி எல்லாம் பாதி டேமேஜ். உங்கட கீ பூல்ல (மங்க்கின்ட உள்சக்திச் சேமிப்பு) ஒரு பொயின்டாவது இருக்கும்வரைக்கும் உங்கட கை ஏற்கனவே மெஜிக், அப்ப +1 தாயத்து பேயிட்ட உங்களுக்குப் புதுசா ஒரு கதவையும் திறக்காது, ஹிட்டுக்கும் டேமேஜுக்கும் ஒண்டு கூடும், அவ்வளவுதான். கோஸ்ட் டச் எண்டால் முழு டேமேஜ் ஏறும், அதோட க்ரிட்டிக்கலும் (கூடின சேதம் தாற அடி) விழும், இல்லாட்டி உருவமில்லாததுகளுக்கு க்ரிட்டிக்கல் இல்லவே இல்ல.

மயானமும் பழைய மாளிகையுமா கதை போகுதெண்டால் யோசிக்காம கோஸ்ட் டச். காட்டுக்க கொள்ளைக்காரரோட சண்டை எண்டால் +1. எது வாங்கினாலும் கடைசி கீ பொயின்டைச் செலவழிக்காதீங்க! கூட ஒரு அடி அடிக்கிறதுக்கு ஆசைப்பட்டு பூலைப் பூச்சியமாக்கினால் அந்த நேரமே உங்கட கை வெறும் கை, தாயத்து இல்லாட்டி பேய்க்கு அது காத்து. பேய்ச் சண்டை நடுவில இப்பிடி மாட்டுப்பட்ட பிள்ளையளைப் பார்த்திருக்கிறன், அந்த முகத்தைப் பார்க்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்கும்.

கேள்வி: நாங்கள் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் 5ஆம் பதிப்பு. நான் 2014 புத்தகத்தில செய்த மங்க், லெவல் 7. டீஎம் புதுசா வந்த மொன்ஸ்டர் புத்தகத்தை வாங்கி அதில இருந்து கோஸ்ட் ஒண்டை இறக்கினார். என்ட கை மெஜிக் எண்டு இருந்தும் பாதி டேமேஜ்தான் எண்டு சொல்லுறார். ஏமாத்திறாரோ?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: ஏமாத்தேல்ல, ரெண்டு புத்தகம் ஒண்டோட ஒண்டு பொருந்தாம நிக்குது, அவ்வளவுதான். 2014 புத்தகங்கள்ல கோஸ்ட்டுக்கு இருந்த தடுப்பு (டேமேஜைப் பாதியாக்கிறது) "மெஜிக் இல்லாத" குத்து வெட்டு அடிக்கு மட்டும். அதைத் தாண்டத்தான் மங்க்குக்கு லெவல் 6ல கை மெஜிக்காகிற திறமையைக் குடுத்தவை. 2025ல வந்த மொன்ஸ்டர் மெனுவல்ல அந்த "மெஜிக் இல்லாத" எண்ட சொல்லையே எடுத்துப்போட்டு, குத்து வெட்டு அடி எதுவெண்டாலும் பாதிதான் எண்டு ஆக்கிட்டினம். அதுக்குச் சரிக்கட்டத்தான் 2024 பிளேயர் புத்தகத்தில மங்க்கின்ட லெவல் 6 திறமையையும் மாத்தி, உங்கட கை அடியை நீங்கள் விரும்பினால் ஃபோர்ஸ் டேமேஜா எடுக்கலாம் எண்டு எழுதியிருக்கினம். கோஸ்ட்டுக்கு ஃபோர்ஸுக்குத் தடுப்பில்ல, முழுசா ஏறும். நீங்கள் பழைய மங்க், அவர் புதுப் பேய், நடுவில நசுங்கிறது நீங்கள்தான். டீஎம்மிட்டச் சொல்லி அந்த ஒரு திறமையையாவது புதுப் புத்தகத்தின்ட படி மாத்திக்கொள்ளுங்க, ஒரு நல்ல டீஎம் அதுக்கு இல்லையெண்டு சொல்ல மாட்டார்.

லெவல் 6க்குக் கீழ இருக்கிறவைக்கும் இதில ஒரு நிம்மதி இருக்கு. 5ஆம் பதிப்பில வெறுங்கை அடி பேய்க்கு ஏறாம விடுறதில்ல, பாதியாவது ஏறும். ஆனா 3.5ல சொன்ன மெஜிக் வெப்பன் தந்திரம் இங்க சரிவராது, அந்த ஸ்பெல்லை ஆயுதத்துக்குத்தான் போடலாம், இந்தப் பதிப்பில கை ஆயுதமில்ல.

கேள்வி: பேயை இறுக்கிக் கட்டிப்பிடிச்சு வச்சிருக்க ஏலாதா? காலைத் தட்டி விழுத்த ஏலாதா?
– பள்ளிக்கூட மாணவர்கள், கொட்டாஞ்சேனை

பதில்: ஏலாது பிள்ளையள். எல்லாப் பதிப்பிலயும் கிட்டத்தட்ட ஒரே விடைதான், உடம்பில்லாததைப் பிடிக்கவோ விழுத்தவோ ஏலாது. 3.5ல அதுவும் உங்களைப் பிடிக்க ஏலாது, அது ஒரு ஆறுதல். மங்க்கின்ட ஸ்டன்னிங் ஃபிஸ்ட்டும் (எதிரியைத் திகைக்க வைக்கிற அடி) 3.5ல உருவமில்லாததுக்கு வேலை செய்யாது, அதை வேற சண்டைக்கு மிச்சம் பிடியுங்க.

கேள்வி: என்ட மகன் ஏஎல் படிக்கிறவன். வீட்டில கூட்டாளிமாரோட இருந்து பேய், பிசாசு, செத்தவை எழும்பிறது எண்டு கதைச்சு விளையாடுறான். வெள்ளிக்கிழமையிலயும் இதே கதை. எனக்கு மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. இது கூடாததோ?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, உங்கட பயம் விளங்குது, நீங்கள் மட்டுமில்ல. டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் எண்ட இந்த விளையாட்டை கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974ல வெளியிட்டவை, 1980களில அமெரிக்காவிலயே நிறையத் தாய் தேப்பன்மாருக்கு இதே பயம் வந்து பெரிய பிரச்சினையா எழும்பினது. நான் உங்களுக்குச் சொல்லுறது, ஒரு நாள் அவையளோட பக்கத்தில ஒரு கதிரையைப் போட்டு இருந்து பாருங்க. பேய் எண்டு அவன் சொல்லுறது ஒரு தாளில எழுதின அஞ்சாறு இலக்கம், அதைக் கூப்பிடுறதோ கும்பிடுறதோ இல்ல, நாலு பேர் சேர்ந்து அதை எப்பிடி விரட்டிறது எண்டு மூளையைப் போட்டு யோசிக்கிறதுதான் விளையாட்டு. சதவீதக் கணக்கை மனசால போடுறான், அடுத்தவன் சாகாம இருக்கத் தான் முன்னுக்குப் போய் நிக்கிறான். வெள்ளிக்கிழமை உங்கட வீட்டில அது வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லுங்க, சனிக்கிழமைக்கு மாத்துறது அவையளுக்குப் பெரிய விசயமில்ல. சோதனை கிட்ட வந்தால் நிப்பாட்டச் சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கு.

கேள்வி: நான் டீஎம். 2014 5ஆம் பதிப்பு, பிள்ளையள் எல்லாம் லெவல் 2, ரெண்டு பேர் மங்க். எங்கட ஊருக்குப் பக்கத்தில இருக்கிற முத்துராஜவெல சதுப்பு நிலத்தில கொள்ளிவாய்ப் பேய் வாற மாதிரி ஒரு கதை எழுதுறன். கேம் புத்தகத்தில இருக்கிற வில் ஓ விஸ்ப் எண்ட வெளிச்சப் பேயின்ட இலக்கங்களை எடுத்துப் போடலாமா? வெறுங்கைக்காரர் ரெண்டு பேரும் சும்மா நிண்டு சாகாம இருக்க என்ன செய்யலாம்?
– வாசகர், வத்தளை

பதில்: இதைவிடப் பொருத்தமான பேய் கிடைக்காது, சந்தோசமா எடுத்துப் போடுங்க. சதுப்பு, தூரத்தில வெளிச்சம், அதைத் தேடிப் போறவன் சேத்துக்க இறங்கிறது, எங்கட ஆச்சிமார் சொன்ன கதையும் அந்தப் புத்தகத்தில இருக்கிறதும் ஒண்டுக்கொண்டு அவ்வளவு கிட்ட. எங்கட பக்கத்துப் பேய்களை வச்சுக் கதை எழுதுற டீஎம்மாரைக் காணேக்க எனக்கு வாற சந்தோசம் சொல்லி முடியாது, வெளிநாட்டுக் கோட்டையும் பனிமலையும் காணும்.

ஆனா இலக்கத்தை அப்பிடியே விட்டால் உங்கட பிள்ளையள் தப்ப மாட்டினம். அதின்ட ஏசி 19, எச்.பி. 22, ஒரு அடி 2டி8 மின்னல், சராசரி 9. லெவல் 2 மங்க் ரெண்டு அடியில விழுந்திடுவார், விழுந்த ஆளின்ட உயிரையும் அது குடிக்கப் பார்க்கும். மங்க்குக்கு +5 எண்டு வைங்க, 14 விழோணும், 35 வீதம். பட்டாலும் 1டி4+3, அதில பாதி, அப்ப ரெண்டு மூண்டு. 22ஐ இப்பிடிக் கரைச்சு முடிக்க விடிஞ்சிடும், அதுக்கிடையில ரெண்டு பேரும் கதிரையில சாய்ஞ்சு ஃபோனைப் பார்க்கத் தொடங்கிடுவினம். தடுப்பை விட ஏசிதான் இதில பெரிய மதில், நிறைய டீஎம்மார் தடுப்பை மட்டும் கழட்டிப்போட்டு ஏசியை அப்பிடியே விட்டிடுவினம்.

நான் செய்யிறதெண்டால் ரெண்டையும் கதைக்குள்ளாலயே குறைப்பன். இரவில பொரிச்ச இறைச்சி கொண்டு போகேக்க ஒரு கரித்துண்டும் ஒரு இரும்பாணியும் சேர்த்துக் குடுத்து விடுறது எங்கட வீடுகள்ல இப்பவும் இருக்கு, பேய்க்கு இரும்பு ஆகாது எண்டு. அதை ரூலாக்குங்க. சதுப்பு ஓரத்தில மீன் பிடிக்கிற ஒரு ஐயாவிட்ட பழைய இரும்புக் காப்பு இருக்கு, அதைப் போட்ட கையால அடிக்கிற அடி மெஜிக் அடியாக் கணக்கு, பாதியில்ல, முழுசு. ஐயா அதைச் சும்மா குடுக்க வேண்டாம், ஆக்களை வெளிச்சத்துக்குப் பின்னால விட்டிட்டுத் தேடிக்கொண்டிருக்கிற கதையை முதல்ல அவர் சொல்லட்டும், பிள்ளையள் கேட்டு விளங்கி, அதுக்குப் பிறகு கேட்கட்டும். ஏசிக்கு, அந்தப் பேய் ஆளை இழுக்கிறதுக்காகப் பெருசா எரியிற ரவுண்ட்ல மட்டும் 19ஐ 15 ஆக்குங்க, மங்கலா இருக்கேக்க திரும்ப 19. அப்ப பிள்ளையள் ஆக்ஷனை ரெடி பண்ணிக்கொண்டு, அது எரியிற நேரம் வரைக்கும் பொறுத்து அடிக்கப் பழகுவினம், ஓடித் திரிஞ்சு கையை வீசிறதை விட்டிடுவினம். மின்னலையும் முதல் ரெண்டு ரவுண்டுக்கு 1டி8 ஆக்கலாம், பசியில இருக்கிற பேய் கொஞ்சம் கொஞ்சமாப் பலம் கூடுற மாதிரி.

காப்பு ஒண்டே ஒண்டு வைங்க, ரெண்டு வைக்காதீங்க. ரெண்டு மங்க்கில யார் போடுறது, எந்த ரவுண்ட்ல கழட்டி மற்றவருக்கு எறியிறது எண்டு அவையள் தங்களுக்குள்ள கதைச்சு முடிவெடுக்கட்டும், அதுக்கு ஆக்ஷன் கேட்காதீங்க, எறிஞ்சு பிடிக்கிறதை இலவசமா விட்டிடுங்க.